கூறை நிறம்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. சிலோன் ரோட்டுப் பிள்ளையார் மேல் ஆணையாக ஒரு வரியும் கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது. நடந்ததை நடந்தபடியே சொன்னால் நம்புகிற காலமா இது?

புக்கிட் மேரா அடுக்குமாடி ஒன்றின் எட்டாவது மாடியில், படுக்கையறைத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, விஸ்வலிங்கம் தன் மனைவியின் கூறைச் சேலைக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எலிக்குஞ்சு அளவில் ஒரு கருவி. அதைச் சேலையின் மேல் வைத்து அழுத்துவார். உள்ளே பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும். திரையில் மூன்று எண்கள் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கருவியை இரண்டு விரல் நகர்த்தி மறுபடி அழுத்துவார். பெரிய பேனர் அச்சடிக்கிறவர்கள் நிறம் அளக்க வைத்திருக்கும் கருவி அது. ஸ்பெக்ட்ரோ என்பார்கள். கடையில் யார் எந்த நிறத்தைப் பற்றிப் பேசினாலும் விஸ்வலிங்கம் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "எண்ணைச் சொல்லு, கதையைச் சொல்லாதே" என்பார். சீரங்கூன் ரோட்டுப் பேனர்க்காரர்கள் மத்தியில் அந்த வாசகம் பிரசித்தம்.

மனைவி இரஞ்சிதம் அந்நேரம் எட்டு மாடிக்குக் கீழே, சுவரில்லாத தரைத்தளக் கூடமான வாய்ட் டெக்கில், பெட்டிக்குள் ஒரு சாதாரண நூல் சேலையோடு படுத்திருந்தாள். முந்தின நாள் காலை ஈரச்சந்தையில் மீன்காரனிடம் விலை பேசிக்கொண்டிருந்தவள், பாதிப் பேச்சில் போய்விட்டாள். மீன்காரன் அவள் கேட்ட விலைக்கே மீனைப் பொதிந்து வீட்டுக்கு அனுப்பிவைத்தான். அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

சிக்கல் கூறையில் வந்தது. யாழ்ப்பாணத்து வழியில் வந்த அந்தக் குடும்பத்தில், புருஷன் இருக்கும்போதே போகிற பெண்ணைக் கல்யாணக் கூறை உடுத்தித்தான் அனுப்புவார்கள். இரஞ்சிதமும் இதைத் தொலைக்காட்சித் தொடருக்கு நடுவே, விளம்பரம் வரும்போதெல்லாம் நினைவுபடுத்தி வந்தாள். "இந்தா பாருங்க, எனக்கு வேற எதையாவது சுத்தி அனுப்பிடாதீங்க. அந்தச் சிவப்புலதான் உங்ககிட்ட வந்தேன், அந்தச் சிவப்புலதான் போவேன்." விஸ்வலிங்கமும் சரி சரி என்று தலையாட்டி வந்தார். இன்று காலை அலமாரிக்கு மேலிருந்த சேலைப் பெட்டியைத் திறந்து தூக்கினால், பட்டு மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போய், சேலை கதவுத் திரை கிழிந்ததுபோலத் துண்டு துண்டாகத் தொங்கியது.

"புதுசு ஒண்டு வாங்கிக் கட்டுங்கோவன்," என்றாள் கமலவேணி. இரஞ்சிதத்தின் அக்கா. காத்தோங்கிலிருந்து விடியும் முன்னே வந்திறங்கியவள். குடும்பத்தில் அவள் வாயில் மட்டும் யாழ்ப்பாணம் இன்னும் கரையாமல் கிடந்தது. அவள் அழுதபோது எதிர் புளோக்கில் தூங்கிய பூனைகள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போனதைப் பலர் பார்த்தார்கள்.

"அப்பா, தேக்காவுக்குப் போனா உடனே வாங்கிடலாம் பா," என்றாள் மகள் வினுஷா.

"அது வேற சேலை. கூறை இல்ல."

"ரெட்ல நூறு சேலை இருக்கும் பா."

"அவ சொன்னது ரெட் இல்ல. அந்த ரெட்." விஸ்வலிங்கம் கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அடிச்சுடலாம்."

"என்னத்தை அடிக்கிறது?"

"சேலையைத்தான்."

கமலவேணி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த கைக்குட்டையை இறக்கினாள். "விசு, உமக்கு விசரோ? பேனர் அடிக்கிற மிசின்ல என்ர தங்கச்சிக்குச் சீலை அடிக்கப்போறீரோ? நாலு மூலையிலும் ஓட்டை போட்டுக் கயிறு கட்டியோ அனுப்புவீர்?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. விஸ்வலிங்கத்தின் மெஷின் பிளாஸ்டிக் பேனரில் அடிக்கும், சுவரில் ஒட்டும் ஸ்டிக்கரில் அடிக்கும். துணி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு மேல், அது நாலு மை மெஷின். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. அந்த நான்கைக் கலந்து எட்ட முடியாத சிவப்புகள் உலகத்தில் உண்டு. கூறைச் சிவப்பு அதில் ஒன்று.

நாலு மை மெஷினை அவர் வாங்கிய கதையும் பிரசித்தம்தான். கண்காட்சியில் விற்பனையாளர் இரண்டு படங்களைத் தொங்கவிட்டுக் காட்டினார். ஒன்று நாலு மையில் அடித்தது. மற்றது எட்டு மையில், தனியாக ஒரு சிவப்பும் ஒரு ஆரஞ்சும் சேர்த்து அடித்தது. விஸ்வலிங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒன்னுதானே? எட்டு மையை விக்கிறதுக்கு நீங்க பண்ற தந்திரம்" என்று அடித்துச் சொன்னார். இரஞ்சிதம் அவர் முழங்கையைக் கிள்ளினாள். அவர் அசையவில்லை. அவர் சொன்ன உறுதியில் விற்பனையாளருக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்து, அடுத்த வாரம் கண் மருத்துவரைப் பார்க்கப் போனார். இப்படிப் பேரம் பேச ஆளில்லை என்று தொழில் முழுவதும் விஸ்வலிங்கத்தைப் புகழ்ந்தது.

எட்டு மை மெஷினை, அதுவும் துணிக்கு அடிக்கிறதை, வாங்கியவர் சேவியர். அதே தொழிற்கூடக் கட்டடத்தில் விஸ்வலிங்கத்தின் கடைக்கு நேர் மேல் மாடி. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருமுறை இரஞ்சிதம் சொந்தக்காரக் கல்யாணத்துக்கு ஈப்போ போயிருந்த வாரத்தில், விஸ்வலிங்கம் தனியாக ஒரு கோயில் திருவிழாப் பேனர் அடித்தார். அம்மனின் குங்குமப் பட்டு சோயா சாஸ் நிறத்தில் வந்தது. வெளிச்சம் சரியில்லை என்றார் விஸ்வலிங்கம். சேவியர் கோயில்காரர்கள் முன்னாலேயே சிரித்துவிட்டு, மேலே கொண்டுபோய்த் திரும்ப அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மின்தூக்கியில் சேர்ந்து மாட்டிக்கொண்டால் இரண்டு பேரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரஞ்சிதம் மட்டும் சேவியரின் ஆபரேட்டர் பெண் ஆஸ்மா கையில் பிட்டும் சம்பலும் கொடுத்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். அதுதான் இரு நாட்டுத் தூதரக உறவு.

வினுஷா வேனை எடுத்தாள். அந்த வேனை எப்போதும் ஓட்டியவள் இரஞ்சிதம்தான். விஸ்வலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்களைத் திட்டுவார். இன்று யாரையும் திட்டவில்லை.

மேல் மாடியில் கதவைத் திறந்த சேவியர் கறுப்புச் சட்டையில் இருந்தார். பொத்தான் ஒன்று மாறிப் போய், சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது.

"அண்ணே… அங்கதான் கிளம்பிக்கிட்டு இருந்தேன்."

விஸ்வலிங்கம் உள்ளே போய், வெட்டும் மேசையில் கூறையைத் துண்டு துண்டாகச் சேர்த்து விரித்தார்.

"இதை அடிக்கணும்."

சேவியர் சேலையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "எப்ப வேணும்?"

"குருக்கள் ரெண்டரைக்கு வர்றார்."

"அண்ணே, இந்த மாதிரி வேலைக்கு நான் மூணு நாள் கேப்பேன்."

"அவளுக்கு மூணு நாள் இல்ல."

சேவியர் சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு, தொழில்காரனுக்கு நாக்கு சும்மா இருக்குமா, "இந்த அரக்கு நாலு மையில வராது லா. அந்த அம்மன் பேனர் அப்பவே சொன்னேன்" என்றார்.

"இதைச் சொல்ல இப்பத்தான் நேரமா?"

"இப்ப சொல்லலேன்னா வேற எப்பண்ணே சொல்றது? பேசுறதே இப்பத்தானே."

வினுஷா அழுதபடியே சிரித்துவிட்டாள்.

வேலை தொடங்கியது. ஏணி மேல் கேமராவை வைத்துச் சேலையைப் படமெடுத்தார்கள். சரிகைக்கு மை கிடையாது என்றார் சேவியர். மஞ்சளையும் காவியையும் கலந்து கண்ணை ஏமாற்ற வேண்டும். "ஏமாத்து" என்றார் விஸ்வலிங்கம். முதலில் காகிதத்தில் அடித்து, அதைத் துணியோடு சேர்த்துச் சூடான உருளைக்குள் விட்டால் மை துணிக்கு ஏறிவிடும் என்று சேவியர் வினுஷாவுக்கு விளக்கினார்.

"ஆனா துணி பாலியெஸ்டர் அண்ணே. பாக்கப் பட்டு மாதிரியே இருக்கும். தொட்டா தெரிஞ்சுடும்."

"சேலையைத் தொட்டுப் பாத்துச் சொல்ற ஆள் அவ ஒருத்திதான்," என்றார் விஸ்வலிங்கம்.



விஸ்வலிங்கம் ஸ்பெக்ட்ரோவை எடுத்து வைத்து எண்களை ஒப்பித்தார். ஆஸ்மா கணினியில் ஏற்றிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அங்கிள், இப்ப சொன்ன நம்பரும் முதல்ல சொன்ன நம்பரும் வேற வேற."

"ஒரே சேலைதானே?"

"ஒரே சேலைதான் அங்கிள், ஆனா பாருங்களேன். வெளி மடிப்பு மங்கிப்போய்க் கிடக்கு. உள் மடிப்பு கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரியே பளிச்னு இருக்கு. எதை மேட்ச் பண்ணட்டும்?"

விஸ்வலிங்கம் சேலையைப் பார்த்தார். வெளி மடிப்பைப் பார்த்தார், உள் மடிப்பைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் எண்ணைச் சொல்லு என்று அதட்டிய மனிதர் முன்னால் இரண்டு எண்கள் இருந்தன, இரண்டும் சரி. அவர் கருவியை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் அடி. நடுவுல ஒன்னும் அடி."

"அதுவும் சரிதான்," என்றார் சேவியர். "ஆனா இங்க பாத்து முடிவு பண்ணக்கூடாதுண்ணே. இங்க லைட் வேற, வாய்ட் டெக் லைட் வேற. அக்கா படுத்திருக்கிற இடத்துல வெச்சுத்தான் பாக்கணும்."

ஆக, சட்டையைக்கூட மாற்றாமல், கையில் முழ நீளத்தில் மூன்று துண்டுகளோடு அச்சுக்கடைக் கூட்டம் ஒன்று சாவு வீட்டுக்குள் நுழைந்தது. நீல நாற்காலிகளில் உட்கார்ந்து பாக்கெட் பானம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஆண்கள், ஏதோ புதுச் சடங்கு என்று நினைத்து எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார்.

விஸ்வலிங்கம் முதல் துண்டைப் பெட்டியின் விளிம்பில், இரஞ்சிதத்தின் கைப்பக்கம் விரித்தார். உள் மடிப்பின் எண்ணுக்கு அடித்தது. விரித்துவிட்டு அதைப் பார்க்காமல், சுற்றி நின்ற பெண்களின் முகங்களைப் பார்த்தார்.

"ஐயோ, கத்தரிக்காய்!" என்றாள் கமலவேணி.

"கடையில ரெட்டா இருந்துச்சு பா. இங்க பர்ப்பிளா தெரியுது," என்றாள் வினுஷா.

"மாதுளம் முத்துங்க அது," என்றார் செம்பவாங் கப்பல்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கேட்காமலே. அவர் மனைவி, "உங்களுக்கு மாதுளையும் தெரியாது, முத்தும் தெரியாது, உக்காருங்க" என்றாள்.

இரண்டாவது துண்டு, வெளி மடிப்பின் எண். விஸ்வலிங்கம் அதை விரிக்கும் முன்பே கமலவேணி தயாராக இருந்தாள்.

"செங்கல். என்ர தங்கச்சி என்ன, வீடு கட்டப்போறாளோ?"

"மெரூன் லா," என்றாள் ஒருத்தி. "மெரூன் இல்ல, பிரிக்," என்றாள் இன்னொருத்தி. அரக்கு என்றார்கள், இலந்தைப் பழம் என்றார்கள், பழைய எஸ்பிஎஸ் பஸ் என்றார்கள். நாற்காலிகளுக்கிடையே இரண்டு கட்சிகள் உருவாகி, மூன்றாவதாக ஒரு கட்சி பிரிந்து கொண்டிருந்தது. விஸ்வலிங்கம் எந்தக் கட்சியிலும் சேராமல், பேசுகிறவர்களின் கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி போன அதிர்ச்சியில் மனிதர் பேச்சிழந்துவிட்டார் என்று யாரோ தேநீர் கொண்டுவந்து கையில் திணித்தார்கள்.

தேநீரைச் சேவியரிடம் கொடுத்துவிட்டு மூன்றாவது துண்டை விரித்தார்.

கமலவேணி வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடியது. பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, பார்க்காமலே உட்கார்ந்தாள்.

அவள் வாய் தானாக மூடிக்கொண்டதை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"கலியாணத்தண்டைக்கு நான்தான் அவளுக்குக் கொசுவம் பிடிச்சு விட்டனான்," என்றாள். "கை எல்லாம் சாயம் ஒட்டி இந்த நிறமாத்தான் கிடந்தது."

"இதுதான்," என்றார் விஸ்வலிங்கம் சேவியரிடம். "இதையே அடி."

சேவியரும் ஆஸ்மாவும் ஓடினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு. பாதிச் சேலையில் மெஷின் நின்றதும், சேவியர் சிலுவை போட்டுக்கொண்டு அதன் பக்கவாட்டில் ஓர் அறை விட்டதும், அது மரியாதையாக மறுபடி ஓடத் தொடங்கியதும், சூடு உருளையிலிருந்து இறங்கிய சேலையை ஆஸ்மா மின்தூக்கியிலும் வேனிலும் விசிறிக்கொண்டே வந்ததும் எல்லாம் கலப்படமில்லாத உண்மை. குருக்கள் வந்துவிட்டார், சடங்குக்கான சுண்ணப்பொடி இடிக்க உரலும் வைத்தாகிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்து இருமிய அதே நொடியில் சேலை வந்து சேர்ந்தது. இன்னும் கொஞ்சம் சூடாகவே இருந்தது.

பெண்கள் திரை பிடித்து உடுத்தினார்கள். திரை விலகியதும் எல்லோரும் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார்கள். இரஞ்சிதம் கல்யாணப் பெண்ணாகக் கிடந்தாள்.

அப்போதுதான் சேவியர் அதைப் பார்த்தார். அவசரத்தில் ஆஸ்மா ஒன்றை மறந்திருந்தாள். எந்த அச்சுக்கும் ஓரத்தில், மை சரியாக விழுகிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாக விழும். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு, சிவப்பு, பச்சை, ஆரஞ்சு. அடித்து முடித்ததும் அதை வெட்டி எறிய வேண்டும். வெட்டவில்லை. கூறையின் கீழ்க்கரை நெடுக அந்தக் கட்டங்கள் ஓடின. பாதத்தருகே கோப்பின் பெயர் வேறு ஆங்கிலத்தில்: கூறை ஃபைனல் ஃபைனல் மூன்று.

"முடிஞ்சேன்," என்றார் சேவியர் மெதுவாக.

அதற்குள் கப்பல்துறைப் பெரியவரின் மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்துவிட்டாள். "இந்தக் கரை புது மாதிரியா இருக்கே. காஞ்சிபுரமா?"

"லிமிடெட் எடிஷன் ஆன்டி," என்றார் சேவியர், வியர்வையைத் துடைத்தபடி.

"கட்டம் கட்டமா என்ன அழகு பாரேன். அந்தக் காலத்து வேலைன்னா வேலைதான். இப்ப யாரு இப்படி நெய்யுறா? என் பேத்தி கல்யாணத்துக்கு இதே கரைதான்."

"எத்தனை பீஸ் ஆன்டி?" என்றாள் ஆஸ்மா. சேவியர் அவள் காலை மிதித்தார்.

கமலவேணி குனிந்து, பெயர் எழுதியிருந்த இடத்தை மட்டும் ஒரு கைப்பிடி மல்லிகையால் மூடினாள். நிமிரும்போது சேவியரைப் பார்த்து, "பொத்தானைச் சரியாப் போடும்" என்றாள்.

சடங்குகள் முடிந்தன. சுடுகாட்டுக்குப் போகும் பேருந்து வந்து நின்றது. மூடியைத் தூக்க நால்வர் வந்தபோது சேவியர், விஸ்வலிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே. நிறம் சரிதானே?"

கேட்டது மெதுவாகத்தான். ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள். நிற விஷயத்தில் விஸ்வலிங்கம் சொல்லாமல் எதுவும் முடிந்ததாகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மூடி தூக்கியவர்கள்கூட அப்படியே நின்றார்கள்.

விஸ்வலிங்கம் குனிந்தார். முந்தானையிலிருந்து கொசுவம் வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு, கடையில் ஒவ்வொரு அச்சையும் பார்த்து முடித்ததும் செய்வதுபோல, நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அங்கே சற்று நேரம் காத்திருந்தார்.

"சரிதான்," என்றார்.

பெட்டியை மூடினார்கள்.

விஸ்வலிங்கத்துக்குப் பிறந்ததிலிருந்தே சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது.